காலெலும்பில் தங்கிய ஐந்து வருடங்கள்

எனக்கு முதலில் கெட்டுப்போனது வலது கை மணிக்கட்டு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போது தண்டைப் பற்றிய கை, இழுக்கிற நேரத்தில் தானாகத் தளர்ந்துவிடும். பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருப்பேன். பார்த்தால் விரல்கள் விட்டிருக்கும். பக்கத்து வரிசையில் பிடுங்குகிறவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிது என்பதால், புதுப்பெண் சொகுசு காட்டுகிறாள் என்று ஒரு பேச்சும் வந்தது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டேன்.

பிறகு வயிற்றுவலி வந்தது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும். இரண்டு நாள் இருக்கும், போய்விடும், அடுத்த மாதம் மறுபடி வரும். கூடவே மலச்சிக்கல், அசதி, காரணமில்லாத எரிச்சல். இதில் எரிச்சலை மட்டும் யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே வாயாடி; ஆகவே அது என் குணம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கேயோ ஒரு கொட்டகையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, இப்போது என்னவென்றே தெரியாத நோவோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுடைய வீட்டுக்காரர்களும் படிக்கலாம். படித்தால் நல்லது என்றுதான் சொல்வேன்.

என் பெயர் பழனியம்மா. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் பிறந்தேன், அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டேன். பத்தாவது முடித்த கையோடு, தொண்ணூற்றேழில், மலையடிவாரத்தில் ஒரு பேட்டரிக் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். எனக்கு அப்போது பதினேழு வயது. லாரிகள் பெருத்த பக்கம் அது. செத்துப்போன பேட்டரிகள் எல்லாம் அந்தக் கொட்டகைக்கு வந்து சேரும். ஆண்கள் கோடாலியால் பேட்டரியை உடைத்து அமிலத்தைக் கொட்டுவார்கள். பெண்களாகிய நாங்கள் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி, தட்டி, ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பொடியைச் சுரண்டி அடுக்குவோம். பின்பக்கத்து உலையில் அதை உருக்கி ஈயக் கட்டிகளாக வார்ப்பார்கள்.

அந்தப் பொடி இனிக்கும். உதட்டை நக்கினால் லேசான தித்திப்பு தெரியும். வாரத்துக்கு ஒரு முறை எங்களுக்கு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் படிந்த தூசி இறங்கிவிடும் என்று முதலாளி முதல் மேஸ்திரி வரை எல்லோரும் சொன்னார்கள். தகடு தட்டிய கையாலேயே அந்த வெல்லத்தை உடைத்துத் தின்போம். வாயில் இருக்கும் தித்திப்பு வெல்லத்தினுடையது என்றுதான் ஐந்து வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து வருடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆறு பெண்கள் ஓர் அறையில் இருந்தோம். டிரான்சிஸ்டர் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்ததும் ஒருத்திக்கொருத்தி தலைவாரிவிட்டு வம்பு பேசிக்கொண்டிருப்போம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி அங்கே வைக்கவில்லை. உடம்பு அன்றைக்கு எதையும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயதில் பொன்னுசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு மலையில் மரவள்ளியும் மிளகும் கேழ்வரகும் விளையும் சொந்த நிலம் இருந்தது. அவருடைய அம்மா, என் அத்தை, மட்டும்தான் வீட்டில் மூன்றாவது ஆள். மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நிறைய ஆசை உண்டு. ஆனால் அந்தம்மா அதற்கு இடமே கொடுக்கவில்லை. என்னைக் ‘கண்ணு’ என்றும் ‘சாமி’ என்றும் கூப்பிட்டார்களே தவிர, ஒரு நாளும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

கல்யாணமான மறுவருடம் நாள் தள்ளிப்போனது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆற்றில் துணி துவைத்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ரேஷன் கடையில் நின்றவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதம் தொடங்கியதும் கரு கலைந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது அவருக்கும் அத்தைக்கும் மட்டும் சொன்னேன். அதுவும் அதே கணக்கில் போயிற்று.

எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியும் வரை முழுகாமல் இருப்பதை வெளியில் சொல்லமாட்டார்கள். நாக்கில் வந்தால் வயிற்றில் நிற்காது என்ற பயம். பல வீடுகளில் இது பேச்சளவில் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டாவது இழப்புக்குப் பிறகு அத்தை அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

“இனிமேலு ஆண்டவன் குடுத்தான்னா மூணு மாசத்துக்கு வாயே தொறக்காத சாமி. எங்கிட்டயும் சொல்லாத, அவங்கிட்டயும் சொல்லாத. குலசாமிக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றார்கள்.

சரிங்க அத்தை என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு முறையும் சொல்லித்தான் இழந்தேன் என்று நானும் நம்பினேன்.

வயிற்றுவலிக்காகப் பார்த்த வைத்தியம் பெரிய கதை. குடல்புண் என்றார் ஒருவர். பூச்சி மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். ரத்தசோகைக்கு (ரத்தத்தில் சிவப்பணு குறைந்து வெளுத்துப்போவது) சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தின்று மலச்சிக்கல் கூடியதுதான் மிச்சம். கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையைக் கேட்டு அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியாக, கீழே டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், ஈறைப் பார்த்தார். பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“கல்யாணத்துக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க?”

“அதெல்லாம் எப்பவோங்க. பேட்டரிக் கொட்டாயிலீங்க” என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு அரைமணி நேரம் அந்தக் கொட்டகையைப் பற்றியே கேட்டார். வெல்லத்தைக்கூட விடவில்லை. ஆகவே நீங்கள் எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், பத்து வருடத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் இருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. டாக்டரம்மாவுக்கு நிம்மதி இல்லை.

“ரத்தம் இந்த ஒன்றிரண்டு மாசத்துக் கதையைத்தான் சொல்லும். நீங்க வேலையை விட்டு நாலு வருஷமாச்சு. பழசெல்லாம் எலும்புக்குள்ள போயிருக்கும். உடம்புக்கு ஈயத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சத்துன்னு நினைச்சு எலும்புல சேர்த்து வச்சுக்கும்” என்றார்.

எலும்பில் இருப்பதை எப்படிப் பார்ப்பது, அறுப்பார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அறுக்க வேண்டாம், ஊசிகூடக் கிடையாது என்றார். ஓர் ஆராய்ச்சிக் குழு இப்படிப்பட்ட கொட்டகைகளில் வேலை செய்தவர்களைத் தேடிப் போய்ப் பரிசோதிக்கிறது. வண்டியில் தூக்கி வரக்கூடிய கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல், மெல்லிய ஊடுகதிரைப் (எக்ஸ்ரே போன்ற கதிர்) பாய்ச்சினால், உள்ளே இருக்கும் ஈயம் தன் பங்குக்கு ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். அதை எண்ணி அளவு சொல்லிவிடுவார்கள். அடுத்த மாதம் அடிவாரத்தில் முகாம் போடுகிறார்கள், போய்விட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முகாம் தேதி வருவதற்குள் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைச் செய்வது எவ்வளவு எளிதாக இருந்தது என்று நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வாந்தியை மட்டும்தான் மறைக்க வேண்டியிருந்தது. வீட்டில் மற்றவர்கள் எழும் முன்பே ஓடைக்குப் போய்விடுவேன். முகாமுக்குப் போன அன்று மலையிறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குக் குமட்டியது. அந்த பஸ்ஸில் பாதிப்பேர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “நாலஞ்சு வருசம் கீழயும் மேலயும் போயும் உனக்குப் பழகுலியே புள்ள” என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு திமிர்கூட இருந்தது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில், லீவு நாளில் நடந்தது. பழைய கொட்டகை ஆட்கள் பலரை அங்கே பார்த்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்த சரசுவும் வந்திருந்தாள். கருவியை ஒன்பதாம் வகுப்பு அறையில் வைத்திருந்தார்கள். ஒரு பெட்டி, அதிலிருந்து நீண்ட மூக்கு, அதன் பின்னால் ஒரு சின்னப் பானை அளவுக்கு உலோகப் பாத்திரம். கருவி சூடாகாமல் இருக்க அந்தப் பாத்திரத்தில் கடுங்குளிரான திரவம் ஊற்றுவார்களாம். மூடியைத் திறந்தால் வெண்புகை வழிந்தது. ஆண்கள் அதைப் பார்க்கவே கூட்டமாக நின்றார்கள். பெண்கள் சேலையை முழங்கால் வரை தூக்க வேண்டும் என்றதும் தயங்கினோம். போர்வை கட்டி மறைத்துக் கொடுத்தார்கள்.

உள்ளே ஓர் இளம்பெண் இருந்தாள், ஆராய்ச்சி மாணவி. மரியாதை தெரிந்த பெண். படிவத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை வருடம் வேலை, உலைப்பக்கம் போவதுண்டா, வெற்றிலை போடுவதுண்டா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, நீங்க முழுகாம இருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க. தப்பில்ல. இந்தக் கதிர் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனாலும் மாசமா இருக்கிறவங்களுக்கு நாங்க எடுக்கமாட்டோம். குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்.”

“இல்லீங்க” என்றேன்.

“நாள் எதாவது தள்ளிப்போயிருக்கா?”

“இல்லீங்க, இல்லீங்க.”

போர்வைக்கு வெளியே சரசு நின்றிருந்தாள். அவள் காதில் விழும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. அந்த அறையில் யாருமே இல்லாவிட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆம் என்று சொன்னால் போய்விடும். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் பெண் படிவத்தில் ஒரு கோடு போட்டாள்.

பெஞ்சில் காலை நீட்டிப் படுக்க வைத்தார்கள். எலும்பின் மேல் தோலைப் பஞ்சால் துடைத்தாள். கருவியின் மூக்கைக் கொண்டுவந்து தொட்டும் தொடாமலும் நிறுத்தி, காலை அசையாமல் பட்டியால் கட்டினாள். அரைமணி நேரம் ஆகும் என்றாள். வலிக்கவில்லை, சுடவில்லை. ஒன்றுமே நடக்காதது போல்தான் இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த உடற்கூற்றுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரைமணியில் எந்த நிமிடமும் வாயைத் திறந்திருக்கலாம். நிறுத்துங்க கண்ணு, நான் பொய் சொன்னேன் என்று சொன்னால் அந்தப் பெண் அந்தக் கணமே நிறுத்தியிருப்பாள். நான் வயிற்றின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். கையால் மறைத்தால் கதிர் படாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

பதினோராம் நாள் கரு கலைந்தது. காலையில் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தொடங்கியதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை அல்லவா. ஓடைக்குப் போனேன். எல்லாம் முடிந்ததும் கழுவிக்கொண்டு, சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தேன். இந்த மாதம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்று அத்தையிடம் சொன்னேன். அவர்கள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடிக்கும்போதுதான் அழுகை வந்தது. காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அழுவதற்கும் எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை யார் கண்ணும் படவில்லை. எந்தக் காதும் கேட்கவில்லை. அப்படியானால் போனது எதனால்? என் வாயாலேயே இல்லை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்று ஒரு நாள் தோன்றும். கதிர்தான் என்று மறுநாள் தோன்றும். கஞ்சி குடிக்கும்போதும் இந்த இரண்டும்தான் மாறி மாறி வரும். அந்த ஒன்றரை மாதம் நான் யாரோடும் சண்டைகூடப் போடவில்லை. வீட்டில் எல்லோரும் எனக்கு உடம்பு தேறுகிறது என்று நினைத்தார்கள்.

முடிவு வந்திருக்கிறது என்று ஆள் சொல்லிவிட்டதும் இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் தாளைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். என் காலெலும்பில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. உலைப்பக்கமே போகாத எனக்கு இவ்வளவு எப்படி என்றால், அந்தப் பொடியும் வெல்லம் தின்ற கையும்தான் என்றார்.

“பிள்ளை உண்டானா, அதோட எலும்பு வளர்றதுக்கு அம்மாவோட எலும்பு தன்கிட்ட இருக்கிற சுண்ணாம்புச்சத்தை எடுத்துக் கொடுக்கும். உங்க எலும்பு அதோட சேர்த்து ஈயத்தையும் கொடுக்குது. அதனால இப்போதைக்குக் கரு வேண்டாம். முதல்ல உடம்பைத் தேத்துவோம்” என்றவர், தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நல்லவேளை, பரிசோதனை எடுத்தப்ப நீங்க முழுகாம இல்ல.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கையை மீறி எல்லாம் வந்துவிட்டது. முதலில் எதைச் சொன்னேன் என்று நினைவில்லை. இருந்துச்சுங்க, இருந்துச்சுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கதிர்தானுங்களா என் பிள்ளையைக் கொன்றது, நானேதானுங்களா கொண்டுபோய்க் காட்டினேன் என்று கேட்டேன்.

டாக்டரம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இல்லம்மா. நல்லாக் கேளுங்க. கை முறிஞ்சா எடுக்கிற எக்ஸ்ரேவைவிட அது குறைவு. அதுவும் முழங்காலுக்குக் கீழ. அதுல கரு போகாது. ஒரு ஜாக்கிரதைக்காகத்தான் எடுக்க வேண்டாம்கிறோம்.”

“அப்ப ஈயமுங்களா?”

“ஈயமா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா ஒரு கரு எதனால போச்சுன்னு சத்தியம் பண்ணி யாராலயும் சொல்ல முடியாது. நீங்க ஆமான்னு சொல்லியிருந்தாலும் இல்லைன்னு சொல்லியிருந்தாலும், உங்க எலும்புல இருந்தது அங்கதான் இருந்திருக்கும்.”

அவர் சொன்னதை நான் நம்புகிறேன். முழுவதும் நம்பாத நாட்களும் உண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி நாட்கள் இருந்தால், அதற்காக உங்களை முட்டாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் கேட்டார்.

“உனக்கு எத்தன நாளாத் தெரியும்?”

“முப்பது நாளு இருக்குமுங்க.”

“முப்பது நாளு.” கையிலிருந்த மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டார். “முப்பது நாளு நாஞ் சும்மாவே சுத்தீட்டு இருந்திருக்கறேன். சொல்லீருந்தா ஒரு மாசமாவது அப்பனா இருந்திருப்பனல்லோ புள்ள.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் நின்றுகொண்டே மலையேறினார். முதல் இரண்டு தடவையும் இழந்ததற்கு அவரும் நானும் சேர்ந்து அழுதோம். மூன்றாவதை மட்டும் அவருக்கு இல்லாமல் செய்துவிட்டேன். கதிரும் ஈயமும் டாக்டர்கள் பேச வேண்டியவை. இது மட்டும் நான் செய்தது.

அத்தையிடம் அவரே சொன்னார். அந்தம்மா அடுப்பில் இருந்த களியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தார்கள். “நாக்கக் கட்டிக்கோன்னு நாந்தானே சாமி சொன்னேன். தனியா ஓடையில கெடந்தியா? தனியாவா கண்ணு?” என்று என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் காலைப் பிடிக்கக்கூடாது என்று விலக்கினேன். அவர்கள் விடவில்லை. கருவி பார்த்த அதே இடத்தில் அவர்கள் கை இருந்தது.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொடுக்கிணைப்பு மருந்து (ரத்தத்தில் உள்ள உலோகத்தைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுவது) என்று ஒன்று உண்டு. அது ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவர்களுக்குத்தான். எனக்குத் தேவையில்லை என்றார். எலும்பில் இருப்பதை அது அவ்வளவாகத் தொடாது. எனக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, பால், கேழ்வரகு, கீரை. சாப்பாட்டில் சத்து இருந்தால் உடம்பு எலும்பைக் கரைக்காது. கொட்டகையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய சேலைகளையும் பாயையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொன்னார். தளர்ந்துபோகிற கைக்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு வருடத்தில் வயிற்றுவலி நின்றது. இப்போது மரவள்ளித் தண்டைப் பிடித்தால் கை விடுவதில்லை. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறேன்.

எலும்பு எப்போது சுத்தமாகும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பாதி குறையவே இருபது வருடம் ஆகலாம் என்றார். சேருவதற்கு ஐந்து வருடம், பாதி போவதற்கு இருபது. கருவி பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பாதி குறையும்போது நாற்பத்தாறு ஆகியிருக்கும். என் எலும்பு பிள்ளைக்கு நல்லதை மட்டும் கொடுக்கத் தயாராகும்போது, பிள்ளை பெறுகிற வயது என்னிடம் இருக்காது. இதை ஒரு நாள் நடந்துபோகும்போது வழியிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா கதவைச் சாத்தவில்லை. ரத்தத்தில் அளவு இறங்கிய பிறகு, பார்த்துப் பார்த்துச் செய்தால், ஆகக்கூடாது என்றில்லை என்றார். போன வருடம், ரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது, இனி நீங்கள் பயப்படாமல் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். பயப்படாமல் இருப்பது அவர் சொல்லிக் கொடுக்கக்கூடியதா என்ன!

உடம்பு இன்றைக்கு இன்றைக்கு என்று வாழ்கிறது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். பசித்தால் இன்றைய பசி, வலித்தால் இன்றைய வலி. இப்போது காலை நீட்டி உட்காரும்போது அப்படித் தோன்றுவதில்லை. தோலுக்குக் கீழே பதினேழு வயதும் இருபது வயதும் அப்படியே இருக்கின்றன. டிரான்சிஸ்டரில் பாட்டு கேட்டபடி ஒருத்தி தலைவாரிவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் சந்தோஷமாக இருந்த காலமே எனக்குள் விஷமாகக் கிடக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. இன்றும் சில நாள் அதன்மேல் கோபமும் வருகிறது, ஆசையும் வருகிறது.

இந்த வருடம் ஆவணியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. தலைக்குக் குளிக்க வேண்டிய நாள் தாண்டிய அன்று காலையிலேயே அவரிடம் சொன்னேன். ஒரு நாள்தானுங்க, ஒன்றும் நிச்சயமில்லை என்றேன். அவர் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து ஏணியை எடுத்துக் கீழே போட்டார். அன்றிலிருந்து ஓடைத் தண்ணீர்க் குடத்தை என்னைத் தொடவிடவில்லை. ஊருக்குள் ஆண்பிள்ளை குடம் தூக்கிப்போனால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அத்தை கேழ்வரகுக் கூழில் இரண்டு கரண்டி பால் கூடுதலாக ஊற்றினார்கள், ஆனால் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் அவர் தொட்டில் கட்ட எந்த உத்தரம் தாங்கும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான்காம் நாளும் போயிற்று.

ஐந்தாம் நாள் காலையில் தீட்டு வந்துவிட்டது. வாசலில் வந்து அவரிடம் சொன்னேன். பிறகு நான் போய் ஓரத்தில் இருந்த குடத்தை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

“இன்னிக்கு ஒரு நாளு நானே கொண்டாறேன் புள்ள” என்று சொல்லிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போனார்.